மெழுகு நூல் சுற்றியவன் நான்

தீப்பெட்டி ஆபீஸ் நடத்தினேன், லாரி வாங்கி ஓட்டினேன், மாடி வீடு கட்டினேன். படித்தது நாலாம் வகுப்புதான். நேற்று கோவில்பட்டியில் பெரியப்பாவின் பழைய பேனாப் பட்டறைக்குப் போனேன். அவர் பேரன் ஒரு பேனாவின் தளர்ந்த மூடிக்கு மெழுகு நூல் சுற்றிக்கொண்டிருந்தான். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

அன்று, நான் எடுபிடியாக இருந்த இதே பட்டறைக்கு, தேவசகாயம் வாத்தியார் சட்டையெல்லாம் மையோடு வந்து நின்றார். “அண்ணாச்சி, உம்ம பேனா மூடி நிக்க மாட்டேங்கு. கோயிலுக்குப் போட்ட சட்டை வே இது!”

பெரியப்பா பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சி முக்கும் மெழுகை வாங்கி வந்து மில் நூலில் தேய்த்து, பேனாவின் மரையில் சுற்றி, மூடியைத் திருகிக் கொடுத்தேன். வாத்தியார் தலைகீழாகப் பிடித்து உதறினார். மூடி அசையவில்லை. “ஏலே, நீ பெரிய ஆளுதாம்ல!” என்றார்.

நேற்று பேரன் பேனா வாங்க வந்தவரிடம், “எங்க தாத்தா கண்டுபிடிச்ச வழியாக்கும்” என்றான்.

“ஏலே, கண்டுபிடிச்சவன் இங்கன நிக்கேன். வாசல் பலகையில தாத்தா பேருக்குக் கீழ எம் பேரையும் எழுது!”