மாமா காதைத் தொட்ட நாள்

கொலோனில் எங்கள் பேஸ்பால் குழுவுக்கு அம்மாவின் தம்பி பயிற்சியாளரானது திறமையால் அல்ல. சனிக்கிழமைகளில் எந்தப் பெற்றோருக்கும் நேரம் இருக்கவில்லை. மாமா பார்சல் வான் ஓட்டுபவர், கிரிக்கெட்டைத் தவிர எதுவும் அறியாதவர். இருந்தும் விதிப்புத்தகத்தை ஜெர்மனிலேயே பாடமாக்கிக்கொண்டு வந்து நின்றார். அதில் பாதியை எனக்குத்தான் சொல்லித்தரவேண்டியிருந்தது. பந்தை அடித்த பிறகும் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி, காலை வைக்கவேண்டிய தளத்தில் மட்டையை ஊன்றிவிட்டுப் பெருமையாகச் சிரித்த ஒரே பிள்ளை நான்.

மாமா கத்தமாட்டார். மற்றப் பெற்றோருக்கு அதுதான் குறை. கத்தாத மனிதர் எப்படிப் பிள்ளைகளை வெல்லவைப்பார் என்று கேட்டார்கள். பருவத்தின் கடைசி ஆட்டத்திலும் தோற்றால் வேறு ஆளைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. எனக்குப் பத்து வயது. மாமாவை நானே காப்பாற்றுவது என்று அன்றே தீர்மானித்துவிட்டேன்.

அவருடைய திட்டம் வேறு.

"நான் காதைத் தொட்டா வீசி அடியாதை, மெல்லத் தட்டு. நீ அவுட்டாவாய், மற்றப் பிள்ளை ஓடி வந்து ஓட்டம் எடுத்திடும்."

"வேணுமெண்டு அவுட்டாக ஏலாது, மாமா."

"ஏலும் பிள்ளை. கஷ்டம்தான், ஆனா ஏலும்."

கிரிக்கெட் வீட்டுப் பிள்ளையிடம் கேட்கக்கூடிய காரியமா அது?

கடைசிச் சுற்றில் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தோம். மூன்று பேர் அவுட்டானால் சுற்று முடிந்துவிடும், ஏற்கெனவே ஒருவர் அவுட். ஓட்டத்துக்கு இன்னும் ஒரே ஓட்டத் தூரமுள்ள மூன்றாம் தளத்தில் என் சிநேகிதி நின்றாள். மாமா காதைத் தொட்டார். நன்றாகவே பார்த்தேன். சிநேகிதியும் பார்த்தாள், பந்து வந்ததும் நம்பி ஓடத் தொடங்கினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு முழுப்பலத்தோடு வீசினேன். பந்து உயரப் போய் எதிரணிப் பையன் ஒருவனின் கையில் விழுந்தது. பிடி கொடுத்தால் ஓடியவர் பழைய தளத்துக்குத் திரும்பவேண்டும். அவளோ பாதி வழி தாண்டியிருந்தாள். இரண்டு பேரும் அவுட், ஆட்டம் முடிந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமா முன்னால் வந்தார். அவளுக்கு ஒரு சைகையும் எனக்கு வேறு சைகையும் காட்டிக் குழப்பியது தன் பிழை என்று ஜெர்மனில் சொன்னார். வீட்டில் அம்மா கேட்டபோதும் அதேதான்.

"நான்தான் அக்கா, பிழையாக் காட்டிப்போட்டன்."

இரண்டு நாளில், மாமா உண்மையிலேயே குழப்பிவிட்டார் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நன்றாகக் கத்தக்கூடிய புதிய பயிற்சியாளர் வந்தார். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில் மறுபடி அதே நிலைமை. மெல்லத் தட்டச் சொல்லும் தன் சைகையாக அவர் இடுப்புப் பட்டியைத் தொட்டார். நான் மெல்லத் தட்டினேன், அவுட்டானேன், ஓட்டம் வந்தது. ஓடி வந்தவளைச் சுற்றி எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். சனிக்கிழமையும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த மாமா, வானை நிறுத்திவிட்டு வேலிக்கு வெளியே நின்றிருந்தார். அவர் மட்டும் ஏன் அவுட்டாகித் திரும்பி நடந்த என்னைப் பார்த்துக் கைதட்டினார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.