துவக்குக்கு இரண்டு கையெழுத்து

அந்தக் கடைக் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது எண்ணெய் மணம்தான்… வீட்டில் தையல் மெஷினுக்கு விடுவோமே, கிட்டத்தட்ட அதே எண்ணெய். கூடவே ஈர நாயின் வாடை. மேசைக்கடியில் ஒரு கிழட்டு நாய் எப்போதும் படுத்திருக்கும்.

லண்டனில் குரோய்டன் பஸ் போய் முடிகிற இடத்துக்கும் அப்பால், வயல்கள் தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்தத் துவக்குக் கடை, அதாவது துப்பாக்கிக் கடை. துவக்குக் கடையில் இவனுக்கென்ன வேலை என்று முழிக்காதீர்கள். எலி, புறா, முயல் என்று தொல்லை கொடுப்பவற்றை ஒழிக்கிற கம்பெனியில் அப்போது வேலை செய்தேன். பெஸ்ட் கண்ட்ரோல்.

தோர்ண்டன் ஹீத்தில் ஒரு அறை, ஒரு கேத்தில், கம்பெனி வான். அவ்வளவுதான் என் குடும்பம்.

வெயர்ஹவுஸ் புறாக்களுக்குக் காற்றுத் துவக்கே போதும். அதற்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனாலும் கடைக்காரர் சும்மா எடுத்துத் தரமாட்டார். பொல்லாத வாய்க்கார வெள்ளைக் கிழவர். கூரை தகரமா, கண்ணாடியா என்று குடைவார். சின்ன ரவைக் குண்டு வேகமாகப் போய்த் தகரத்தைத் துளைத்துவிடும், கொஞ்சம் பெரிசு மெதுவாகப் போகும், அதை எடு என்பார். கிழமை முழுக்க என்னோடு அவ்வளவு நேரம் கதைத்த மனிதர் அவர் ஒருவர்தான்… அதற்காகவே ரவை முடியமுதலே போயிருக்கிறேன்.

பிறகுதான் மெகியின் முயல் பிரச்சினை வந்தது.

மெகி ஊருக்கு வெளியே குதிரை லாயம் வைத்திருந்தவள். அங்கே எலி மருந்து வைக்க நான் வருஷக்கணக்காகப் போய் வந்தேன். ஒருநாள் அவளுடைய குதிரை முயல் வளைக்குள் கால் விட்டு முறித்துக்கொண்டது. ஊசி போட்டு அதன் உயிரை முடிக்க வேண்டியதாயிற்று. அழுதழுது அவள் கேட்டாள், இந்த முயல்களுக்கு ஏதாவது செய்ய மாட்டாயா என்று.

முயலுக்குக் காற்றுத் துவக்கோடு ஓடித்திரிய ஏலாது. உண்மையான துவக்கு வேண்டும், அதற்குப் போலீஸ் லைசென்ஸ் வேண்டும். அதை எடுத்துக்கொண்டு வா, வெளி வேலை முழுக்க உனக்கு என்றார் முதலாளி. டேக்அவே கடைகளில் சிங்குக்குக் கீழே படுத்து முதுகு செத்துப்போன எனக்கு, ஆகாயத்துக்குக் கீழே வேலை! அப்படி ஒரு ஆசை வந்தது எனக்கு.

கடைக்காரர் இரண்டு துவக்குகளை மேசையில் வைத்தார். ஒன்று மிக வேகம், ஆனால் பெரிய சத்தம். மற்றது பொயிண்ட் ருவெண்ரி ரூ, .22 என்று எழுதுவார்கள். அதற்குச் சத்தம் குறைந்த மெதுவான ரவை கிடைக்கும். பக்கத்தில் வீடும் குதிரையும் இருப்பதால் அதுதான் சரி என்றார். ஆனால் அந்த ரவை கல்லிலும் காய்ந்த தரையிலும் பட்டால் எங்கேயாவது தெறித்துப் போகும். "முயலைப் பார்க்காதே, முயலுக்குப் பின்னால் என்ன இருக்கென்று பார்" என்றார்.

மண் மேடு, என்றேன்.

"சரி… உனக்குப் பின்னால் யார்?"

லைசென்ஸ் விண்ணப்பத்தில், என்னை இரண்டு வருஷமாவது தெரிந்த இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒன்று நீங்கள்தான், என்றேன். கிழவர் இல்லையென்று தலையாட்டினார். துவக்கு விற்பவர் போடக்கூடாதாம், சட்டம். அன்று அவர் பகிடி ஒன்றும் விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். ஹோல் நிறையச் சனம். பிரான்ஸிலிருந்து வந்து டூட்டிங்கில் கடை போட்ட சிவா அண்ணையின் மேசையில் எனக்கு இடம். நான் லண்டன் வந்த புதிதில் அவர் வீட்டில்தான் படுத்தெழும்பினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? ரோல்ஸைக் கடித்தபடி கேட்டுவிட்டேன்.

"அண்ணை, நான் ஒரு துவக்கு எடுக்கப்போறன். ஒரு கையெழுத்து வைப்பியளே?"

சிவா அண்ணை தன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"உனக்கென்ன விசரே? துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். இஞ்சயும் வந்து அதுக்குக் கையெழுத்து வைக்கிறதோ?"

"ஐயோ அண்ணை, முயலுக்கு…"

"முயலுக்கோ! ஆரும் நம்புவினமே? ஆளை விடு."

அண்ணையின் மனைவி, எனக்கு அக்கா, பிள்ளைகளைக் கூப்பிட்டா. "பிள்ளையள், அங்கால போய் விளையாடுங்கோ." அதுவரை என் மடியில் ஏறி விளையாடிய பிள்ளைகள்…

அதற்குப் பிறகு எந்தப் பிறந்தநாளுக்கும் எனக்கு அழைப்பில்லை. அவர்களைக் குறை சொல்ல ஏலாது, நானும் யுத்தத்திலிருந்து ஓடி வந்தவன்தானே. பட்டாசுச் சத்தத்துக்கு இன்றைக்கும் திடுக்கிடுகிறவன். ஆனால் வலித்தது, நன்றாகவே வலித்தது.

கடைசியில் மெகி போட்டாள். மற்றது அவளுடைய பக்கத்து வீட்டு ரிட்டயர்ட் டீச்சர், போகும்போதெல்லாம் வேலிக்கு மேலால் தேத்தண்ணி நீட்டுகிறவர். என் பெயரை ஒருநாளும் சரியாக உச்சரித்ததில்லை. ஆனாலும் நல்லவன் என்று எழுதிக் கொடுத்தார்.

முதல் நாள் விடியற்காலை, பனி படர்ந்த புல்லில் குப்புறப் படுத்திருந்தது நினைவிருக்கிறது. குதிரைகள் மூச்சு விடுவது கேட்டது. ஆகாயம் முழுக்க எனக்கு மட்டும். சந்தோஷம்தான்… அதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

இப்போது வான் எனது, கம்பெனியும் எனது. கடைக்காரக் கிழவர் போய்விட்டார், அந்த இடத்தில் கோப்பிக் கடை. ஃபேஸ்புக்கில் நண்பர்கள் கொட்டிக் கிடக்கிறீர்கள். கோயில் தேர், கொத்து ரொட்டி, எதைப் போட்டாலும் லைக் வருகிறது. முதல் லைக் அநேகமாக சிவா அண்ணையுடையதுதான்.

லைசென்ஸ் புதுப்பிக்கிற காலம் திரும்ப வந்துவிட்டது, மறுபடி இரண்டு கையெழுத்து வேண்டும். மெகி மகளோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டாள், பிரித்தானியாவில் இருப்பவர்தான் போடலாமாம். டீச்சர் போன மாரியில் செத்துப்போனார். நேற்று உங்கள் பெயர்களையெல்லாம் மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்… யாரைக் கேட்பது?

சிவா அண்ணை, இதையும் வாசிப்பியள் எண்டு தெரியும். லைக் போடாதேங்கோ. கையெழுத்து வைக்க ஏலும் எண்டாலும் ஏலாது எண்டாலும், ஒருக்கா போன் எடுத்துச் சொல்லுங்கோ. நம்பர் மாறேல்லை.