எங்கள் வீட்டு அம்பயர்

ஹெப்பகோடியைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் லேஅவுட். அதில் எட்டாவது கிராஸ் தெருவின் கடைசி வீடு எங்களுடையது. ஒட்டினாற்போல ஒரு காலி சைட். சொந்தக்காரர் எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிறார். அதை ஆள்வது எங்கள் தெருப் பெண்கள்தான். மழை இல்லாத சாயங்காலமெல்லாம் அங்கே த்ரோபால். வலையின் ஒரு முனையை எங்கள் மாடிப்படிக் கம்பியில் கட்டுவார்கள். பந்து வந்து சமையலறை ஜன்னலில் அடித்தால்கூட அம்மாவுக்குக் கோபம் வராது. அடித்தவளுக்கு நல்ல கை என்று மெச்சுவாள்.

நவம்பரில் கன்னட ராஜ்யோத்சவத்துக்குக் கொடி ஏற்றியதும் எட்டாவது கிராஸுக்கும் ஒன்பதாவது கிராஸுக்கும் மேட்ச். வருஷா வருஷம் கோப்பை ஒன்பதுக்கே போகும். அவர்கள் கேப்டன் ஒரு கன்னட டீச்சர். ஆள் ஒல்லி, எறிந்தால் பீரங்கி. ஒரு தடவையாவது அவரை ஜெயித்துவிட வேண்டும் என்று அம்மாவுக்கு வெறி. அதற்காகவே புடவையிலிருந்து சுடிதாருக்கு மாறி, ஷூவும் வாங்கியவள் அவள்.

போன வருஷம் அம்பயர் வேலையை அப்பா தலையில் கட்டினார்கள். அவர் ஃபேக்டரியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார் என்று பெயர்.

"பொண்டாட்டி டீம்னு பாத்துடாதீங்க சார்!" என்று மொட்டை மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவைத் தவிர. இனி அம்மா பாடு கஷ்டம்தான் என்று அப்போதே நினைத்தேன்.

நினைத்தபடியே ஆயிற்று. அம்மா பந்தைப் பிடித்தால், நெஞ்சில் பட்டுவிட்டது என்று விசில். எறிந்தால், லேட் என்று விசில். அதே தப்பை எதிர்ப்பக்கம் செய்தால் விசில் ஊமையாகிவிடும். எனக்கு ரத்தம் கொதித்தது. காம்பவுண்ட் சுவரில் ஏறி நின்று கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அம்மா விசிலைச் சட்டை செய்யாமல் ஒவ்வொரு பாயிண்டாக இழுத்துக்கொண்டு வந்தாள்.

இன்னும் ஒரே ஒரு பாயிண்ட், கோப்பை எங்களுக்கு. சர்வீஸ் அம்மா கையில். எறிந்தாள் பாருங்கள், அப்படி ஒரு எறி! பந்து டீச்சரின் தலைக்கு மேலே பறந்து பின்மூலையில் போய் விழுந்தது. வெளியேதான் விழும் என்று டீச்சர் அதைத் தொடவே இல்லை.

"அவுட்!" என்றார் அப்பா.

நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். குதித்த குதியில் அதில் வானமும் என் கூச்சலும் மட்டுமே பதிவாகியிருந்தன.

அம்மா வலைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனாள். பந்தை எடுத்து வந்து அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். மைதானத்துக் கோடுகள் கோலமாவால் போட்டவை. பந்தின் ஒரு பக்கம் அந்த மாவு வெள்ளையாக அப்பியிருந்தது. டீச்சர் குனிந்து கோட்டைப் பார்த்தார். மூலையில் அது கலைந்திருந்தது.

"கரெக்டாகிதே சார், லைன் மேலதான் விழுந்திருக்கு. இன் குடுங்க," என்று அவரே சொல்லிவிட்டார்.

அப்பாவின் விசில் ஈனஸ்வரத்தில் ஒலித்தது. "இன்."

அப்புறம் கேட்க வேண்டுமா! கொடியேற்றத்துக்கு வந்திருந்த தமட்டை மேளம் அதிர்ந்தது. டீச்சர் அம்மாவைக் கட்டிப்பிடித்தார். நான் சுவரிலிருந்து குதித்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டேன், வலிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கோப்பையை டீவிக்குப் பக்கத்தில் வைத்துத் தள்ளி நின்று அழகு பார்த்தாள். அப்பா தயங்கித் தயங்கி வந்தார்.

"நெஜமாவே தெரியல. அவுட்டு மாதிரிதான் இருந்துச்சு."

"எப்படித் தெரியும்? நாலு பேரு என்ன சொல்லுவாங்களோன்னு அவங்க மூஞ்சியப் பாத்துட்டு நின்னீங்க. பந்த எங்க பாத்தீங்க?"

அப்பா விசிலைக் கழற்றிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு, "ஆமா," என்றார்.

"அடுத்த வருஷமும் நீங்கதான் அம்பயர்," என்றாள் அம்மா.