பச்சைக் காரில் வந்து ஏறியவை

எங்கள் கார் நிறுத்துமிடத்தில் அந்த ஸ்பாய்லரை முதன்முதலாகப் பார்த்தபோது, வேறு யாரோ எங்கள் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். டிக்கியின் மேல், முழ உயரத்துக்குக் கால் நட்டு, கறுப்பு இறக்கை மாதிரி பளபளத்துக்கொண்டு நின்றது. நம்பர் பிளேட்டைப் படித்த பிறகுதான் அது எங்கள் வண்டி என்று உறைத்தது.

என் கணவரைத் தெரிந்த எவரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள்.

அது ஜப்பானில் செய்து, ஜப்பானிலேயே கொஞ்ச காலம் ஓடிய வண்டி. இரண்டே கதவு. கரும்பச்சை நிறம். சென்னைக்கு வேலைக்கு வந்த ஒரு வெளிநாட்டு அதிகாரி கூடவே கொண்டுவந்து, ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனார். என் கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டூல் டிசைனர். அந்த வண்டியை வாங்கியபோது மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, கொரட்டூர் ஏரிக்கரையை ஒட்டிய இந்த அடுக்குமாடி வீட்டில் குடியேறியிருந்த சமயம்.

வண்டியில் அவர் எதையும் செய்யாமல் இல்லை. ஆனால் செய்தது தெரியாது. உயரத்தை இரண்டு விரற்கடை இறக்கினார். சக்கரங்களை அதே காலத்து வேறொரு மாடலிலிருந்து தேடிப் பிடித்து, சாம்பல் நிறம் அடித்து மாட்டினார். பக்கவாட்டில் ஒட்டியிருந்த ரப்பர் பட்டைகளை எடுத்துவிட்டார். கண்ணாடியில் ஜப்பானிய எழுத்தில் இருந்த சின்ன ஸ்டிக்கரை மட்டும் சுரண்டவிடவில்லை.

"வண்டியக் கழுவும்போது கை எங்கயும் தட்டாமப் போகணும். அதுதான் அழகு" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பூந்தமல்லிக்குப் போவோம். அங்கே கார் ஆக்சஸரீஸ் கடை வைத்திருக்கும் பாய் அவருக்குத் தம்பி மாதிரி. கடைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, டீ குடித்தபடி இரண்டு பேரும் சாலையில் போகிற வண்டிகளுக்கெல்லாம் தீர்ப்பு சொல்வார்கள். ஒட்டவைத்த போலிக் காற்றுத் துவாரம், ஆரஞ்சு மேல் சிவப்புப் பட்டை, பின்கண்ணாடி முழுக்க எழுத்து. எது போனாலும் இவர் முகத்தைச் சுளிப்பார். "இதெல்லாம் உன் கடையில வாங்குனதுதானே பாய்?" என்று வம்புக்கிழுப்பார். "வயித்துப் பொழப்புண்ணே, இன்னா செய்ய?" என்று பாய் சிரிப்பார். எனக்குக் கார்களைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனாலும் அந்த மாலைகள் எனக்குப் பிடிக்கும்.

எங்கள் வண்டிக்கே அப்படி முதலில் வந்தது, கதவுப் பிடிகளின் மேல் ஒட்டும் குரோம் மூடி. கேலிக்குச் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் மூடியை அவர் எடுக்கவே இல்லை. அடுத்து பாட்டு வாசிக்கும் ஹாரன். அதற்கடுத்து வண்டியின் அடிவயிற்றில் நீல விளக்கு, விட்டு விட்டு எரிகிற மாதிரி. பெங்களூரில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் சொன்னபோது, "அப்பாவுக்கு இப்பதாம்மா காலேஜ் வயசு வந்திருக்கு" என்றாள்.

ஸ்பாய்லரைப் பார்த்த மறுநாள் பாய் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"ஏன் பாய்?"

"டிக்கில ஓட்ட போட்டு ஸ்பாய்லர் வைக்கச் சொன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். 'இன்னாண்ணே, நீங்களா இத்தக் கேக்கறீங்க'ன்னேன். தண்ணி பாட்டில எடுத்து என் மேல வீசிட்டாரு அண்ணி. கெட்ட வார்த்த வேற. அப்பால வேற கடையில போயி மாட்டிக்கினாரு போல. அவரு வாயில நான் அத்தக் கேட்டதே இல்ல. கோவத்துல சொல்லல அண்ணி. பயமா கீது. அதான்."

பயம் என்ற அந்தச் சொல்லைக் கேட்டபிறகுதான் மற்றவையும் ஒவ்வொன்றாக என் கண்ணில் பட ஆரம்பித்தன. இனிப்பையே தொடாதவர் ஒரு டப்பா ஜாங்கிரியை நின்றவாக்கில் தின்று முடித்தார். அவருடைய அக்கா இறந்த வீட்டில், அழுதுகொண்டிருந்தவர்கள் நடுவே உட்கார்ந்து, போன வாரம் பார்த்த ஒரு வண்டியைப் பற்றிச் சத்தமாகப் பேசினார். அலுவலகத்தில் ஒரு பெண்ணின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, கேட்காமல் எடுத்துச் சாப்பிட்டாராம். கொஞ்ச நாள் விடுப்பில் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். வயதான பெண்மணி. ஞாபகமறதி உண்டா என்று கேட்டார். இல்லை, எங்கள் கல்யாணத்தன்று பெய்த மழைகூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது என்றேன். பிடித்தது பிடிக்காதது ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டார். நான் தயங்கித் தயங்கிக் காரைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே கூச்சமாக இருந்தது, இதையெல்லாம் போய் மருத்துவரிடம் சொல்கிறோமே என்று. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மூளையின் முன்பகுதி சுருங்கிக்கொண்டே வருகிற நோய் என்றார்கள், ஸ்கேன் எல்லாம் எடுத்த பிறகு. ஞாபகம் கடைசியில்தான் போகுமாம். முதலில் போவது கூச்சம், இரக்கம், ரசனை. திரும்பி வரும் வழியில் பக்கத்து இருக்கையில் இருந்த என் கணவர் ஜன்னல் வழியாக ஒரு வண்டியைக் காட்டி, "பார், எவ்ளோ லைட்டு!" என்றார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

கார் சாவியை ஒளித்துவைத்தேன். அவர் தினமும் கீழே இறங்கிப்போய் வண்டியைத் தடவிக்கொடுத்துவிட்டு வருவார். மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த வண்டியைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை.

"அப்பா எப்படி வெச்சிருந்தாரோ அப்படியே மாத்திடலாம்மா. யாராவது பார்த்தா அவரப் பத்தி என்ன நெனப்பாங்க?"

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பாய் தன் கருவிகளோடு வந்தார். என் கணவரைத் தூங்கவைத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் கீழே போனோம். குரோம் மூடிகள் எளிதாகக் கழன்றன. நீல விளக்கைப் பாய் படுத்துக்கொண்டு கழற்றினார். ஸ்பாய்லரில் ஸ்க்ரூடிரைவரை வைத்த நேரம், லிஃப்ட் கதவு திறந்து என் கணவர் வந்தார். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். நேராக வந்து ஸ்பாய்லரின் மேல் இரண்டு கைகளையும் வைத்தார். கத்துவார், அடிப்பார் என்று நான் பயந்தேன். அவர் பாயைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"நல்லா இல்லையா பாய்?"

பாய் என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தாண்ணே கீது."

"அப்புறம் ஏன் கழட்டற?"

"கழட்டலண்ணே. லூசா இருந்துச்சு. டைட் பண்றேன்."

சொன்னபடியே முறுக்கினார். ஒவ்வொரு திருகாக, கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு கழற்றிய மூடிகளையும் எடுத்துத் துடைத்து மறுபடி ஒட்டினார். விளக்கையும் மாட்டினார். இவர் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம்" என்று மேற்பார்வை பார்த்தார். மகள் படியேறிப் போய்விட்டாள்.

அதன் பிறகு நான்தான் வண்டியை ஓட்டினேன். ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை போய்த் திரும்புவோம். சிக்னலில் பைக்கில் நிற்பவர்கள் சிரிப்பார்கள், சிலர் போட்டோ எடுப்பார்கள். ஒருமுறை ஒரு இளைஞன் குனிந்து, "ஆன்ட்டி, வண்டி செம மாஸு!" என்றான். இவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்கு வெட்கத்தில் காது சூடாகும். ஆனால் அந்த வெட்கத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டியவர், என்னோடு சேர்ந்து முகம் சுளிக்க வேண்டியவர், பக்கத்தில் உட்கார்ந்தபடியே இல்லாமல் போயிருந்தார். வண்டி ஓட்டிக்கொண்டே பலமுறை அழுதிருக்கிறேன். அவர் கவனித்ததில்லை.

கடைவீதியில் எதையாவது காட்டி வேண்டும் என்பார். வாங்கித் தந்தேன். கியர் தலையில் மாட்டும் கண்ணாடி உருண்டை, பச்சைக் கல் பதித்த சாவிக்கொத்து. பாய் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்வதில்லை.

இந்த மழைக்காலத்துக்குப் பிறகு அப்படிக் கேட்பதும் போய்விட்டது. ஒருநாள், "வண்டியில போலாமா?" என்றேன். கையைப் பிடித்துக் கீழே அழைத்துப்போனேன். விளக்கைப் போட்டேன். சிவப்பு நிறத்தில் புதிதாக ஒன்று வாங்கி முன்பக்கம் மாட்டச் சொல்லியிருந்தேன், அவருக்குப் பிடிக்கும் என்று. அதையும் எரியவிட்டேன். தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். பிடிக்கவில்லை என்றுகூட இல்லை. இத்தனை நாள் அந்த அசட்டு ஆசையாவது மிஞ்சியிருந்ததே என்று அப்போதுதான் தோன்றியது.

விளக்குகளை அணைத்தேன். "பசிக்குதா?" என்றேன். தலையை ஆட்டினார். மேலே கூட்டிப்போய்ச் சோறு பிசைந்து ஊட்டினேன்.