போர் தண்ணீரில் கழுவிய மொட்டைமாடி

முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடி ஒழுகியதால், போன கோடையில் வாட்டர் ப்ரூஃப் ஷீட் ஒட்ட ஏற்பாடு செய்தோம். "தரை சுத்தமா இருந்தாத்தான் ஒட்டும்" என்று மேஸ்திரி முன்பே சொல்லியிருந்தார். துறைமுகத்துக் கரித்தூசி போகும்வரை நானும் என் கணவரும் போர் தண்ணீரை ஊற்றித் தேய்த்தோம். தரை வெள்ளையாகக் காய்ந்தது. எங்களுக்கு ஒரே பெருமை.

ஐப்பசி மழையில் ஷீட் அங்கங்கே பூரி போல எழும்பியது. அடியில் புகுந்த தண்ணீர் கட்டில்மேல் சொட்டியது. மேஸ்திரி வந்து ஷீட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"போர் உப்புத் தண்ணியிலயா கழுவுனிய? உப்புப் பூத்த தரையில ஷீட் எப்படிப் பிடிக்கும்?"

"இப்பம் என்ன செய்ய?" என்றார் கணவர்.

"மழை விட்டுக் காயாம ஒண்ணும் செய்ய முடியாது அண்ணாச்சி."

ஷீட்டைப் பிரித்தாயிற்று. இனி நல்ல தண்ணீரில்தான் மாடியைக் கழுவுவது என்று முடிவு செய்திருக்கிறோம். இப்போதைக்கு அதை மழையே செய்கிறது. நாங்கள் கீழே வாளி மாற்றிக்கொண்டிருக்கிறோம்.