படுக்கை காலியில்லை

நெக்ஸ்டின் ஆள்காட்டி விரல்கள் இரண்டும் விசைப்பலகையைக் குத்திக்கொண்டிருந்தன. மற்ற எட்டும் விறைத்து நின்று வேடிக்கை பார்த்தன. கடித்துக் கடித்து வலது கட்டைவிரலில் நகத்தோரம் சிவந்திருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டால் சீழ் வைக்கும். ஒவ்வொரு அமுக்கலுக்கும் வாய், "நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்... ஃபினிஷ்!" என்றது. அந்த முதியோர் இல்லத்தில் கணினி வேலை பார்க்கும் அவரைச் சொந்தப் பெயரால் யாரும் கூப்பிடுவதில்லை, நெக்ஸ்ட்தான்.

மருந்துப் பட்டியலைத் திரையில் காட்டுவதற்காக ஜாவா மொழியில் காலையிலிருந்து அவர் தொடங்கிய ஆறாவது புராஜெக்ட் இது. ஒன்றில் சின்னக் கோளாறு வந்தாலும் அதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவார். "பழசை நோண்டினா நாளே போயிடும் சிஸ்டர். புதுசுன்னா ரெண்டு நிமிஷம்." பெயர்களும் வளர்ந்துகொண்டே போயின: மருந்து, மருந்து2, மருந்துகடைசி, மருந்துநிஜக்கடைசி, மருந்துசத்தியமாகடைசி. ஆறாவதற்கு வேறு வார்த்தை அகப்படாமல் 'அம்மாமேலஆணை' என்று வைத்தார்.

புராஜெக்ட் ஓடுகிறதா என்று பார்க்க முதலில் ஒரு வரி எழுதுவார்: "சாப்பிட்டாச்சா?" மனைவிக்குப் போன் செய்தாலும் அதுதான் முதல் வார்த்தை. காலையில் முதல் புராஜெக்டில் அது கூடத்துப் பெரிய திரையில் அழகாக வந்தது. அதற்குப் பிறகு எதை மாற்றினாலும் திரை அதையேதான் கேட்டது.

"ஆச்சுப்பா, ஆச்சு! எத்தனை தடவை கேப்பே?" என்று திரையைப் பார்த்து எரிந்து விழுந்தார் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு.

"விசாரிக்க ஒருத்தராவது இருக்காங்களேன்னு சந்தோஷப்படுங்க" என்றாள் பக்கத்து நாற்காலித் தையல்காரம்மா.

தலைமை நர்ஸான பெரிய சிஸ்டர் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். "நாலு மணி மருந்துப் பட்டியல் திரையில வரலேன்னா கரும்பலகையைத் திரும்ப மாட்டிடுவேன். நாளையிலேர்ந்து நீ துணி துவைக்கிற மெஷின்கிட்ட நில்லு. அதுலயும் பட்டன் இருக்கு." கரும்பலகையைத் துடைத்துச் சுவரோரம் தயாராகச் சாய்த்தும் வைத்திருந்தாள்.

மூன்றே முக்கால். நெக்ஸ்ட் ஆறாவதை ஓட்டினார். பிழைச் செய்தியோடு சிவப்பாக ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. அது முழுதாக விரிவதற்குள் மூடினார்.

"என்னய்யா அது?"

"சும்மா வரும் சிஸ்டர். சிவப்பா வர்றதை வளர விடக்கூடாது."

"திரும்ப ஓட்டு."

பெட்டி மறுபடி வந்தது. மூடப்போன மணிக்கட்டைப் பெரிய சிஸ்டர் கப்பென்று பிடித்தாள். சீட்டைப் படிக்காமல் ஒரு மருந்துக் குப்பியையும் திறந்தறியாத கை அவளுடையது. கண்ணாடியை மாட்டி, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"8080-ங்கற போர்ட்ல ஏற்கெனவே ஆள் இருக்காம். படுக்கை காலியில்லைங்கறான்யா! காலையில படுக்க வச்ச பேஷண்டை டிஸ்சார்ஜ் பண்ணவே இல்லையா நீ? அது மேலயே அஞ்சு பேரைப் படுக்க வச்சா?"

நெக்ஸ்ட் தேடிப் பார்த்தார். முதல் புராஜெக்டின் சர்வர் அந்த 8080-ஐ மற்றதற்கு விடாமல் பிடித்துக்கொண்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு ஆறாவதை ஓட்டினார். மூன்று ஐம்பத்திரண்டுக்குத் திரையில் மருந்துப் பட்டியல் பளிச்சென்று வந்தது.

நாலு மணிக்கு ரயில்வே கார்டு மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு வாயை இறுக மூடிக்கொண்டார்.

"என்ன சார்?"

"இன்னிக்குத் திரை சாப்பிட்டாச்சான்னு கேக்கவே இல்லையே. வெறும் வயித்துல போடக்கூடாதுன்னு நீதானேம்மா சொன்னே?"

பெரிய சிஸ்டர் நெக்ஸ்ட் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு அந்த வரியையும் மேல போட்டுடுய்யா" என்றாள். பிறகு கரும்பலகையைக் கிடங்குக்குத் தூக்கிப் போகச் சொன்னாள்.

மறுநாள் காலை, கட்டைவிரலில் பிளாஸ்திரியோடு நெக்ஸ்ட் வந்து உட்கார்ந்தார். கை பழக்கத்தில் 'புதிய புராஜெக்ட்' பக்கம் போனது. "நெ..." என்று வாய் ஆரம்பித்து நின்றது. அம்மாமேலஆணையைத் திறந்து, பட்டியலுக்கு மேலே "சாப்பிட்டாச்சா?" என்று குத்தி, ஓட்டினார். சிவப்பாக ஒரு பெட்டி வந்தது. மூடப்போன வலது மணிக்கட்டை இடது கையால் கப்பென்று பிடித்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து சத்தமாகப் படிக்கத் தொடங்கினார்.