ஊற்றுமேட்டு மஞ்சள் பலகை

ஊற்றுமேட்டு நீர் குடிக்கத் தகாதது என்று தெரிந்தே, 'கனிமச் சத்து மிகுந்த நீர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். அந்த வரியை மஞ்சள் தகரத்தில் நீல எழுத்தில் எழுதி, ஊற்றுக்கு இறங்கும் படிக்கட்டின் மேலே மாட்டினார்கள். கீழே என் பெயர், கையெழுத்து. எம்.எஸ்ஸி. பட்டத்தைக்கூட விடவில்லை.

ஊற்றுமேடு பாலாற்றங்கரையில் ஒரு சிறிய ஊர். அந்த ஊற்றினால் உண்டானது. பாறை இடுக்கில் கசிந்த, லேசாகக் கரிக்கும் நீரில் குளித்தால் சொறி சிரங்கு ஆறும் என்று முதலில் மாடு மேய்ப்பவர்கள் வந்தார்களாம். பிறகு குளிக்க ஒரு கொட்டகை வந்தது. தங்க ஒரு லாட்ஜ், துண்டும் சோப்பும் விற்கும் கடைகள், இட்லிக் கடை, கடைசியில் பஸ் நிறுத்தம். மேல்விஷாரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வேனில் வருவார்கள். திமிரிப் பக்கத்து விவசாயிகள் அறுப்பு முடிந்ததும் வருவார்கள். சென்னைக்காரர்கள் காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடிப்பார்கள்.

வருகிறவர்களுக்கு நீர் மொண்டு ஊற்றியவரை ஊரே ஊற்றுக்காரம்மா என்றுதான் அழைத்தது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. காலையில் முதல் ஆளின் தலையில் ஊற்றுவதற்கு முன், அவர் கண்ணெதிரே அந்த அம்மா ஒரு சொம்பு நீரைக் குடித்துக் காட்ட வேண்டும். குடித்துவிட்டு, "நான் குடிச்சிட்டேன், நீ பயப்படாம உக்காரு" என்பார். தோல் வியாபாரி ஒருவரிடம், "பாய், தொப்பைய கொஞ்சம் உள்ள இழுங்க, பாதித் தண்ணி அதுக்கே சரியாப் போவுது" என்று அவர் சொன்னதும், அந்த மனிதர் குலுங்கிச் சிரித்ததும் இன்னும் காதில் இருக்கின்றன.

நான் ஊற்றுக்கு மேற்கே இருந்த ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேதியியலாளனாக இருந்தேன். பச்சைத்தோல் உப்பு தடவித்தான் வந்து சேரும். அதைக் கழுவிய நீரும் பதனிட்ட நீரும் கொல்லைப்புறக் குட்டையில் தேங்கி மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு கோடையில் ஊற்று நீர் வழக்கத்தைவிட அதிகமாகக் கரித்தது. வேறு ஊராக இருந்தால் பயந்திருப்பார்கள். ஊற்றுமேட்டில் சந்தோஷப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தக் கரிப்பைத்தான் மருந்து என்று அறிந்திருந்தார்கள். கரிப்பு கூடினால் மருந்து கூடியதாகத்தானே அர்த்தம்? லாட்ஜில் இடம் கிடைக்கவில்லை.

சந்தேகப்பட்டவர் அந்த அம்மா ஒருவர்தான். ஒரு பாட்டிலில் நீரை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"மருந்து ஜாஸ்தியாயிடுச்சுன்னு ஊரே ஆடுது சார். எனக்கு நாக்கு எரியுது. இன்னான்னு பாத்துச் சொல்லுங்க. நீங்க வேணாம்னா நிறுத்திடறேன்."

பார்த்தேன். உப்பு பல மடங்கு ஏறியிருந்தது. பதனிடும் குரோமியமும் இருந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை. முதலாளிக்கு விஷயமே தெரியாது. உண்மையை எழுதினால், இது எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்வி வரும். அதற்கான பதில் என் மேஜையிலிருந்து பார்த்தாலே தெரியும் குட்டையில் இருந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன், அவ்வளவுதான். சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் கூடியிருந்ததை எழுதினேன். மற்ற இரண்டையும் விட்டுவிட்டேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அப்போ குடிக்கலாம்?" என்று கேட்டார். தலையசைத்தேன்.

அதற்குப் பிறகும் பல வருடங்கள் அவர் தினமும் ஒரு சொம்பு குடித்தார். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு, அவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீர்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் நீர் ஊற்றியவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்தான் அனுமதி. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை இல்லாதபடி அவர் என்னை நீ என்றார்.

"நல்லதுன்னு எழுதிக் குடுத்ததும் நீதான். கெட்டதுன்னு சொல்றதும் நீதான். நான் வந்து கேட்டனே. அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

மறுவாரம் நடந்ததையெல்லாம் எழுதி, கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்தேன். அதிகாரிகள் வந்து நீரைச் சோதித்து, ஊற்றை சிமென்ட் போட்டு மூடினார்கள். சில மாதங்களில் லாட்ஜும் கடைகளும் அடைத்துக்கிடந்தன. இட்லிக் கடைக்காரர் வழிமறித்து, "அப்போ வாய மூடினு இருந்த இல்ல, இப்பவும் மூடினு இருக்கறதுக்கு இன்னா கேடு?" என்றார். பொங்கலுக்கு முன் அந்த அம்மா இறந்துபோனார். அவர் மகன் என்னை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

போன மாதம் அந்த வழியாகப் போனபோது நிறுத்தத்தில் கூட்டம் தெரிந்தது. இறங்கினேன். லாட்ஜ்காரர் மூடிய ஊற்றுக்குப் பக்கத்திலேயே போர் போட்டு, குழாய் வைத்திருந்தார். குழாய்க்கு மேலே அதே மஞ்சள் பலகை. துடைத்து, எழுத்துக்குப் புதிதாக நீல வண்ணம் பூசியிருந்தார்கள். கேன் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "இத குடிக்காதீங்கம்மா, இதுல விஷம் இருக்கு" என்றேன்.

"மேல பாருங்க பெரியவரே. படிச்சவரு டெஸ்ட் பண்ணி கையெழுத்தே போட்டுக் குடுத்திருக்காரு."

"அந்தக் கையெழுத்து என்னுதும்மா."

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"சரி, சரி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேனைக் குழாயடியில் வைத்தாள்.